அறக்காயம்: 'உன் மேல் தப்பில்லை' என்றால் ஏன் ஆறுவதில்லை?

தண்டவாளத்தில் திடீரென்று ஒரு மனிதர் வந்து நிற்கிறார். ரயில் ஓட்டுநர் அவசர பிரேக்கைப் பிடிக்கிறார், ஹாரனை விடாமல் அடிக்கிறார். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் நிற்க ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் வேண்டும். அங்கே அவ்வளவு தூரம் இல்லை. பிறகு விசாரணை நடக்கிறது; ஓட்டுநர் மீது பிழையில்லை என்று எழுதிக் கோப்பை மூடுகிறார்கள். "உங்க மேல என்னங்க தப்பு?" என்று மனைவி கேட்கிறார். கூட வேலை செய்கிறவர்களும் அதையே சொல்கிறார்கள். அவருக்கும் அது தெரியும். பிரேக் கணக்கு அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால், "நீதானே ஓட்டினாய்" என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது.

தெரிந்த உண்மை ஏன் மனத்துக்குள் இறங்க மறுக்கிறது? இது முதல் புதிர். இதைவிடக் கடினமான இன்னொன்று இருக்கிறது. அந்த ஓட்டுநர் உண்மையிலேயே குற்றமற்றவர். சோதனைச் சாவடியில் நிற்காமல் வந்த காரைச் சுட்டுவிட்டு, அருகே போய்ப் பார்த்தபோது உள்ளே ஒரு குடும்பம் இருப்பதைக் கண்ட சிப்பாயிடம் என்ன சொல்வது? அவரிடம் 'உன் மேல் தப்பில்லை' என்பது ஆறுதலாகக்கூடப் படாது. நடந்தது என்னவென்று புரியாதவர் பேசும் பேச்சாகத்தான் படும்.

மனநல மருத்துவம் இந்த இரண்டு பேரின் துன்பத்தையும் நெடுங்காலம் பயத்தின் கணக்கிலேயே எழுதி வந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய், சுருக்கமாக பி.டி.எஸ்.டி., அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் ஏறியது 1980-இல். உயிர் போகும் அபாயத்தில் சிக்கியவரின் மூளை, அந்த நேரத்துச் சத்தம், வாசனை, இடம் எல்லாவற்றையும் அபாயத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஊருக்குத் திரும்பிய பிறகும் பட்டாசுச் சத்தத்தில் உடல் அலறுகிறது என்பது அப்போதைய விளக்கம். எட்னா ஃபோவா போன்றவர்கள் வளர்த்தெடுத்த எதிர்கொள்ளல் சிகிச்சை இதிலிருந்து பிறந்தது. பாதுகாப்பான அறையில், நடந்ததை மறுபடி மறுபடி வாய்விட்டுச் சொல்ல வைப்பார்கள். 'இந்த நினைவு என்னைக் கொல்லாது' என்று மூளை மெல்லக் கற்றுக்கொள்ளும். பலருக்கு இது பலன் தந்தது, இன்றும் தருகிறது.

போர்வீரர்களிடம் மட்டும் கணக்கு இடித்தது. இத்தகைய சிகிச்சைகள் குறித்து அவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் அமெரிக்க மருத்துவ இதழான ஜாமாவில் ஒரு மதிப்பீடு வந்தது. பலர் முன்னைவிடத் தேறியிருந்தார்கள்; ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, சிகிச்சை முடிந்த பிறகும் பி.டி.எஸ்.டி. இருக்கிறது என்றே சொல்ல வேண்டியிருந்தது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஒரு காரணத்தை யோசித்தாலே பிடித்துவிடலாம். பயம் என்பது அபாயம் நீங்கிய பிறகும் ஒலிக்கும் அறிவிப்பு. அது இப்போது பொய் என்று மூளைக்குக் காட்ட முடியும். செய்துவிட்ட செயலில் எதைப் பொய் என்று காட்டுவது? அந்தச் சிப்பாய் நூறு முறை அந்தக் காருக்குப் பக்கத்தில் போனாலும் உள்ளே அதே குடும்பம்தான் இருக்கும்.

இந்த இடைவெளியை முதலில் உரக்கச் சொன்னவர் ஜோனதன் ஷே. பாஸ்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர். ஹோமரின் இலியட் காவியத்தையும் தன் நோயாளிகளின் கதைகளையும் அருகருகே வைத்து 1994-இல் 'வியட்நாமில் அக்கிலீஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். அக்கிலீஸை உடைத்தது எதிரியின் வாளல்ல, சொந்தத் தளபதி அகமெம்னான் செய்த அநியாயம் என்பது அவர் வாசிப்பு. (நமக்கு இந்த இடத்தில் மகாபாரதத்தின் சாந்தி பருவத்துத் தருமர் நினைவுக்கு வருவார், போரில் வென்ற பிறகு முடி வேண்டாம் என்று நின்றவர்.) உயிர் பணயத்தில் இருக்கும் நேரத்தில், அதிகாரத்தில் இருப்பவர் நியாயத்தைக் காட்டிக்கொடுப்பதால் உண்டாகும் சேதத்தை ஷே அறக்காயம் என்றார். 2009-இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸும் அவருடைய குழுவினரும் இதை இன்னும் அகலமாக்கினார்கள். தான் ஆழமாக நம்பும் அறத்துக்கு எதிராக ஒருவர் தானே நடந்துகொள்வது, அப்படி நடப்பதைத் தடுக்காமல் நின்றுவிடுவது, கண்ணால் காண்பது, பின்னர் கேள்விப்படுவது, இவை எல்லாமே காயப்படுத்தலாம் என்றார்கள்.

பயமும் அறக்காயமும் வேறு வேறு என்று எப்படித் தெரியும்? போரில் இரண்டும் ஒன்றாகவேதானே வருகின்றன? சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஷிரா மாகுவெனின் ஆய்வுகள் இதற்கு ஒரு வழி காட்டின. ஈராக்கிலிருந்து திரும்பிய 2,797 அமெரிக்கச் சிப்பாய்களின் தகவல்களை அவர் குழு ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டது. 40 சதவீதம் பேர், தாங்கள் கொன்றதாகவோ கொலைக்குக் காரணமாக இருந்ததாகவோ சொல்லியிருந்தார்கள். ஒருவர் எவ்வளவு சண்டையைப் பார்த்தார் என்பதைப் புள்ளியியல் முறைப்படி கழித்த பிறகும், கொன்றவர்களிடம் பி.டி.எஸ்.டி. அறிகுறிகளும் குடியும் கோபமும் உறவுச் சிக்கலும் கூடுதலாக இருந்தன. அதாவது சாவுக்குப் பயந்ததன் விளைவு ஒரு பக்கம், சாவைக் கொடுத்ததன் விளைவு இன்னொரு பக்கம். ஒன்றை மற்றொன்றில் கரைத்துவிட முடியாது.

இங்கே இரண்டு உணர்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'நான் கெட்டதைச் செய்துவிட்டேன்' என்பது குற்றவுணர்வு. 'நானே கெட்டவன்' என்பது இழிவுணர்வு. ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-இல் தொடங்கிவைத்த இந்தப் பாகுபாட்டை ஜூன் டாங்னி பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார். குற்றவுணர்வு வந்தவர் மன்னிப்புக் கேட்கப் போகிறார், சரிசெய்ய முயல்கிறார். இழிவுணர்வில் விழுந்தவர் ஒளிந்துகொள்கிறார், அல்லது அடுத்தவர் மீது பாய்கிறார். குடத்தை உடைத்துவிட்ட பிள்ளையைப் பாருங்கள். தோலை உரித்துவிடுவார்கள் என்று பயந்தால் ஓட்டாஞ்சில்லை வைக்கோலுக்குள் மறைத்துவிடும். திட்டுவார்கள், ஆனால் தள்ளிவிட மாட்டார்கள் என்று தெரிந்த பிள்ளைதான் சில்லைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதபடி வரும். இரண்டு பிள்ளைகளும் உடைத்தது ஒரே குடம்தான். யார் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் வேறு.

அறக்காயம் பட்டவர் நிற்பது தன் முன்னால். அங்கே உட்கார்ந்திருப்பவர் தோலை உரிக்கிறவராக இருந்தால், நடந்ததை நேராகப் பார்க்கவே முடியாது. குடி, கோபம், தனிமை என்று மனம் மறைந்துகொள்ளத்தான் பார்க்கும். இந்த உள்குரலைச் சிகிச்சையின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் பால் கில்பர்ட். இங்கிலாந்தின் டார்பி நகரில் பணியாற்றிய உளவியலாளர். எண்ணங்களைத் திருத்தும் சிகிச்சையில் ஒரு விசித்திரத்தை அவர் கவனித்தார். நோயாளிகள் சரியான மாற்று எண்ணத்தை எழுதிவிடுகிறார்கள், தர்க்கத்தையும் ஒப்புக்கொள்கிறார்கள், 'ஆனால் அப்படி உணர முடியவில்லை' என்கிறார்கள். அந்த எண்ணத்தை உள்ளே கேட்கிறபடியே வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வார்த்தைகள் ஆறுதலாக இருந்தன. தொனி வெறுப்பாக இருந்தது. 'அதான் உன் தப்பில்லையே, அப்புறம் என்ன?' என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் தனக்கே சொல்லிக்கொண்டால் எப்படியிருக்கும்? அப்படி. தெரிந்த உண்மை இறங்காத புதிருக்கு இது பாதி விடை.

மீதிப் பாதி உடலில் இருக்கிறது. நம் உணர்ச்சிகளை ஆளும் ஏற்பாடுகளை கில்பர்ட் மூன்றாகத் தொகுத்தார்: அபாயத்தைக் கண்டு தற்காக்கும் ஏற்பாடு, வேண்டியதைத் தேடி ஓடும் ஏற்பாடு, பாதுகாப்பாக இருக்கும்போது அமைதிப்படுத்தும் ஏற்பாடு. மூன்றாவது, பாலூட்டிகளில் தாய்க்கும் குட்டிக்கும் இடையிலான பராமரிப்பிலிருந்து வளர்ந்தது என்பது அவர் கருத்து. மூளையை இப்படி மூன்று வட்டங்களாக வெட்டிவிட முடியாது. விளக்குவதற்கு வசதியான வரைபடம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது. முக்கியமான கருத்து வேறு: தன்னைத் தானே திட்டிக்கொள்ளும்போது, வெளியிலிருந்து ஒருவர் தாக்குவதற்கு எழும் அதே அபாய ஏற்பாடு எழுகிறது. அடிப்பவரும் அடி வாங்குபவரும் ஒரே தோலுக்குள்; தப்பியோட இடமில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2010-இல் வெளிவந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் படுத்திருந்தவர்களிடம், வேலை மறுப்புக் கடிதம் தொடர்ந்து மூன்றாவது முறையாக வந்திருப்பது போன்ற சங்கடங்களைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். தன்னைச் சாடிக்கொண்டபோது, பிழைகளைக் கண்காணித்து நடத்தையை அடக்கும் பகுதிகள் விழித்தன. தனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டபோது விழித்தவற்றில், பிறர்மீது பரிவு கொள்ளும்போது இயங்குவதாக முன்பே கண்டறிந்திருந்த இன்சுலா பகுதியும் ஒன்று. 2008-இல் ஹெலன் ராக்லிஃபும் கில்பர்ட்டும் செய்த ஆய்வு எனக்கு இன்னும் சுவையானது. இதயம் கடிகாரம்போல் ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கும்போது சற்று வேகம், விடும்போது சற்று நிதானம். இந்த ஏற்ற இறக்கம் நன்றாக இருந்தால், உடலை அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்பு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். ஒருவர் தன்மீது பரிவைப் பொழிவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, சிலருக்கு இந்த ஏற்ற இறக்கம் கூடியது. மனஅழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசால் குறைந்தது. தன்னைக் கடுமையாகச் சாடும் பழக்கமுள்ளவர்களுக்கோ ஏற்ற இறக்கம் குறைந்தது. பரிவு வருகிறது என்றதும் அவர்கள் உடல் அதை அபாயம் என்று எடுத்துக்கொண்டது.

பரிவைக் கண்டே பயம். கில்பர்ட்டின் பரிவுவழிச் சிகிச்சையில் நேரம் அதிகம் போவது இங்கேதான். அறக்காயம் பட்டவரிடம் பரிவு என்று பேச்செடுத்தால் எழும் மறுப்புகள் வலுவானவை. 'எனக்கு அதற்குத் தகுதியில்லை' என்பது முதலாவது. 'என்னை நானே விட்டுவிட்டால் மறுபடியும் அப்படிச் செய்துவிடுவேன்' என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் ஆழமானது: 'நான் நிம்மதியாகிவிட்டால் செத்தவரை யார் நினைப்பார்கள்?' குற்றவுணர்வு அவருக்குத் தண்டனை மட்டுமல்ல, இறந்தவரோடு மிஞ்சியிருக்கும் கடைசி உறவும் அதுதான். அதைப் பிடுங்க வருகிறவரை அவர் எதிர்க்காமல் என்ன செய்வார்? நல்ல சிகிச்சையாளர் அந்த எதிர்ப்பை நோயாகப் பார்ப்பதில்லை. அறவுணர்வு உயிரோடு இருப்பதால்தான் வலிக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்.

சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது? முதல் சில வாரங்கள் கதைக்கே போவதில்லை. உட்காரும் விதம், நிமிடத்துக்கு ஐந்தாறு முறையாக நிதானப்படுத்திய மூச்சு, தனக்குள் பேசும் தொனி என்று உடலிலிருந்து தொடங்குகிறார்கள். அடுத்து, அன்பும் அறிவும் உறுதியும் கொண்ட ஒருவரைக் கற்பனையில் உருவாக்கச் சொல்கிறார்கள். பரிவுவழிச் சிகிச்சையை மனக்காயம் பட்டவர்களுக்குத் தகவமைத்த டெபோரா லீ இதில் நிறைய உழைத்தவர். அந்த உருவம் எதற்கும் தலையாட்டுகிற அசட்டுத்தனமான நல்லவராக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போகாதவராக இருக்க வேண்டும்.

பிறகுதான் கதை. லிட்ஸும் கூட்டாளிகளும் அமெரிக்க மரைன் படையினருக்காக வகுத்த தனிச் சிகிச்சையில் ஒரு கட்டம் உண்டு. நோயாளி கண்ணை மூடிக்கொண்டு, தான் மிகவும் மதிக்கும் ஒருவரை எதிரே இருத்தி, செய்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொல்ல வேண்டும். பழைய மேலதிகாரியாக இருக்கலாம், பாட்டியாகவும் இருக்கலாம். சொல்லி முடித்ததும், அவர் என்ன பதில் சொல்வார் என்பதை அவர் குரலிலேயே பேச வேண்டும். 'பரவாயில்லை, விடு' என்று அந்தக் குரல் சொல்லிவிடுவதில்லை. 'நீ செய்தது கொடுமை. இனி என்ன செய்யப்போகிறாய்?' என்று கேட்கும் குரல் அது.

பொறுப்பைப் பங்கு பிரிப்பதும் உண்டு. அந்த நாளில் உனக்கு என்ன தெரியும், யார் உத்தரவிட்டார்கள், எத்தனை நொடி இருந்தது என்று ஒரு வட்டத்தைத் துண்டு போட்டுப் பார்ப்பார்கள். பின்னால் தெரிந்ததை முன்னாலேயே தெரிந்திருந்ததாக நினைக்கும் மயக்கம் இங்கே நிறைய விளையாடும். உளவியலாளர் பாருக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் இதைக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷாருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய ஒரு குறிப்பைப் படிக்கக் கொடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு முடிவை 'இதுதான் நடந்தது' என்று சொன்னார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவுக்கு ஆரம்பத்திலிருந்தே வாய்ப்பு அதிகம் இருந்தது என்று மதிப்பிட்டார்கள் ஒவ்வொரு குழுவினரும். 'அந்தக் காரில் குடும்பம் இருந்தது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்' என்கிற சிப்பாயும் அதே மயக்கத்தில்தான் இருக்கிறார். ஆனால் வட்டத்தில் அவருக்கென்று ஒரு துண்டு மிஞ்சினால், அதை மிஞ்ச விடுவதுதான் நேர்மை. அந்தத் துண்டுக்கு ஈடாக ஏதாவது செய்ய வழி தேடுவதும் சிகிச்சையில் அடக்கம்: அனுப்ப முடியாத கடிதம், முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்யும் உதவி.

பழைய சமூகங்கள் இதை அறிந்திருந்தன என்று தோன்றுகிறது. 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற நார்மன் வீரர்களுக்கு, சில ஆண்டுகள் கழித்துத் திருச்சபை ஒரு பிராயச்சித்தப் பட்டியல் போட்டது. கொன்றது உறுதியாகத் தெரிந்தால் உயிருக்கு ஓராண்டு. தாக்கப்பட்டவர் செத்தாரா என்று தெரியாவிட்டால் ஆளுக்கு 40 நாள். அம்பு எய்தவர்களுக்கு எண்ணிக்கையே தெரியாது என்பதால் மூன்று தவக்காலங்கள். வென்றவர்களுக்கு, அதுவும் போப்பாண்டவரின் ஆதரவு பெற்றதாகச் சொல்லப்பட்ட போருக்கு! இன்றைய அரசுகள் பதக்கம் கொடுக்கின்றன, பிராயச்சித்தம் கொடுப்பதில்லை.

இதெல்லாம் பலிக்கிறதா? நம்பிக்கையான தொடக்கம் என்று சொல்லலாம், அதற்கு மேல் சொன்னால் மிகை. லிட்ஸ் குழுவின் சிகிச்சை, ஏற்கெனவே நிலைபெற்ற எண்ணத்திருத்தச் சிகிச்சைக்குக் குறைந்ததில்லை என்று ஒரு சோதனை காட்டியது. பரிவுத் தியானமும் சேர்த்து விரிவாக்கிய வடிவத்தில், அன்றாட வாழ்க்கைச் செயல்பாடு ஒப்பீட்டுக் குழுவைவிடக் கூடுதலாகத் தேறியதென்று 2024-இல் வெளியான சோதனை சொன்னது. பழைய எதிர்கொள்ளல் முறையே குற்றவுணர்வையும் குறைக்கிறது, புதிய பெயரும் புதிய சிகிச்சையும் எதற்கு என்று கேட்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எனக்கு அதைவிடப் பெரிதாக உறுத்துவது வேறு. இந்த ஆய்வுகளில் பெரும்பங்கு சுட்டவர்களைப் பற்றியது. அந்தக் காரில் இருந்த குடும்பத்தின் உறவினர்களுக்கு இதே அளவு பணமும் அக்கறையும் செலவிடப்படவில்லை.

ஒரு கலப்படத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் சைமன் டால்பட்டும் வெண்டி டீனும், மருத்துவர்களின் சோர்வை அறக்காயம் என்றே அழைக்க வேண்டும் என்று எழுதினார்கள். நோயாளிக்கு எது நல்லதென்று தெரிந்தும் அதைச் செய்ய விடாத அமைப்பில் வேலை செய்வதுதான் காயம் என்றார்கள். 2021-இல் கொரோனா அலையின்போது ஆக்சிஜன் தட்டுப்பாட்டில் தவித்த இந்திய மருத்துவமனைகளில், யாருக்குப் படுக்கை என்று முடிவெடுக்க வேண்டிவந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்களுக்குப் பரிவு தேவை. ஆனால் ஆக்சிஜன் வழங்க வேண்டியவர்கள் மூச்சுப்பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுக் கைகழுவினால் அதற்குப் பெயர் சிகிச்சையல்ல.

ஈழத்தமிழர்களிடம் இந்தக் காயத்தின் இன்னொரு முகம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், வன்னிப் போரின் கூட்டு மனக்காயத்தைப் பற்றி 2010-இல் எழுதிய ஆய்வில், இறந்தவர்களை அடக்கம் செய்யவும் வழியின்றி விட்டு ஓட நேர்ந்தவர்களின் நிலை பதிவாகியிருக்கிறது. அவர்கள் யாரையும் கொல்லவில்லை. தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அப்படியும் 'விட்டுவிட்டு வந்தேனே' என்பது ஆண்டுகள் கடந்தும் நிற்கிறது. இந்தச் சிகிச்சைமுறைகளைத் தமிழில், நம் சடங்குகளையும் உறவுகளையும் அறிந்தவர்களைக் கொண்டு தகவமைக்கும் வேலை இன்னும் நிறையச் செய்யப்பட வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி அறக்காயம் பட்ட ஒருவர் இருந்தால், அவர் கதையை முழுதாகச் சொல்லி முடிக்க விடுங்கள். நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல வேண்டாம். குடி அதிகமானாலோ, சாவைப் பற்றிப் பேசத் தொடங்கினாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.